உலாவியின் பிணியும் மருந்தும்



திம்புள்ள என்ற பெயரைக் கேட்டவுடன் உலகத்தார் நினைவில் எழுவது தேயிலை. ஆனால், தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று விரிந்து கிடக்கும் அந்த மலைச் சாரலிலே தேயிலைக்கு முன் பயிரானது கோப்பி. 1869ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பியில் இலைநோய் கண்டது. தோட்டக்காரர் தாமறிந்த மருந்துகளையெல்லாம் பிரயோகித்துப் பார்த்தனர். 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர், நோயை உண்டாக்கும் பூஞ்சணம் எவ்வாறு பரவுகின்றது என்பதைத் தெளிவாக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது, கோப்பி அழிந்தது. காரணத்தை அறியுமுன் மருந்தைத் தேடுவது எத்துணை வீண் என்பதற்கு அம்மலைகளே சாட்சி.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கோப்பியன்று, கணினி. எனினும் பாடம் ஒன்றே. நோயைக் கண்டறி, நோயின் காரணத்தைக் கண்டறி, அதன் பின்பே மருந்து செய் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை, கணினியைப் பழுது பார்ப்பவனுக்கும் அப்படியே பொருந்தும்.

லினக்ஸ் என்பது 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரிலே மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தொடக்கிவைத்த இயங்குதளத்தின் பெயர். விலையின்றிப் பெறலாம், பிறருக்கும் கொடுக்கலாம். வின்டோஸ் பத்தாம் பதிப்புக்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பைத் தாங்க இயலாத பழைய கணினிகள் ஏராளம். தோட்டப் பாடசாலையிலோ, வாசிகசாலையிலோ, ஓர் இளைஞனின் லயன் அறையிலோ இருக்கும் அத்தகைய கணினிக்கு லினக்ஸ் மறுவாழ்வு அளிக்கின்றது.

இம்மறுவாழ்வு வெறும் பொழுதுபோக்குக்காக அன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் இணையத்தின் வழியே வந்தன. அலைத்தொடர்பு கிட்டாத மலையகப் பிள்ளைகள் மேடுகளை நாடி ஏறினர். இன்று பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் இணையத்தின் வழியேதான். தோட்டத்து மாணவி ஒருத்தி தன் கடவுச்சொல்லையும் பாடக் குறிப்புகளின் முகவரிகளையும் உலாவியிலே சேமித்து வைத்திருக்கின்றாள். விண்ணப்பத்தின் இறுதி நாளன்று உலாவி திறக்க மறுத்தால், அது இயந்திரத்துக்கு நேர்ந்த பழுது மட்டுமன்று. ஓர் ஆண்டுக் காலம் கைநழுவும் அபாயமாகும்.

ஆகவே, உலாவிக்கு வரும் பிணிகளுள் அடிக்கடி காண்பவை சிலவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, கடிகாரக் கோளாறு. கணினியைத் திறக்கின்றோம், எந்த இணையத்தளத்துக்குச் சென்றாலும், “இத்தளம் பாதுகாப்பற்றது” என்று உலாவி எச்சரிக்கின்றது. உலாவி பழுதாகிவிட்டது என்று அதை நீக்கி மீண்டும் நிறுவுவோர் உளர். பயன் யாதும் இல்லை. ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு சான்றிதழை நீட்டுகின்றது. இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை செல்லும் என்பது அதிலே குறிக்கப்பட்டிருக்கும். பழைய கணினியின் உள்ளே, சீஆர் 2032 என்னும் நாணய வடிவ மின்கலம் வலுவிழந்துவிட்டால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அந்தத் திகதியை நம்பி நோக்கும் உலாவிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறவாத குழந்தையாகத் தோன்றுகின்றது. அதனால் ஏற்க மறுக்கின்றது. திரையின் ஓரத்திலே தெரியும் நாளையும் மணியையும் முதலில் பாருங்கள். தவறாயின் திருத்துங்கள், பின்னர் மின்கலத்தை மாற்றுங்கள். சிறு செலவிலே தீரும் நோய் இது.

ஒரே கணினியில் வின்டோஸும் லினக்ஸும் இருந்தால், மணி சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிசகிக் காட்டுவதுண்டு. கணினியின் உட்கடிகாரத்திலுள்ள நேரத்தை வின்டோஸ் இலங்கை நேரமென்று கொள்கின்றது. லினக்ஸ் உலகப் பொது நேரமென்று கொள்கின்றது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே அந்த ஐந்தரை மணித்தியாலம். இரண்டும் ஒரே வழக்கைப் பின்பற்றுமாறு அமைப்பில் மாற்றிவிட்டால் பிணக்குத் தீரும்.

இரண்டாவது, எழுத்துக் கோளாறு. தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகச் சிறு சிறு கட்டங்கள் தோன்றினால், கணினியிலே தமிழ் எழுத்துரு இல்லை என்பது பொருள். நோட்டோ தமிழ், லோகித் தமிழ் முதலிய எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை நிறுவினாற் போதும். கட்டங்களுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை தோன்றுமாயின், அது வேறு நோய். இலங்கையிலே நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்தி வைத்த ஓர் ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து ஆங்கிலமே தெரியும். அதனை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. இரண்டு நோய்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், மருந்து வெவ்வேறு என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, மின்தடையால் விளைவது. தலவாக்கலையிலே நீரைத் தேக்கி 150 மெகாவாட் மின்சாரம் தரும் மேல் கொத்மலைத் திட்டம், 2012 முதல் நாட்டுக்கு ஒளியூட்டுகின்றது. ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே மரம் முறிந்து கம்பி அறுந்தால் அப்பள்ளத்தாக்கின் லயன்களும் இருளில் மூழ்கவே செய்யும். உலாவி இயங்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால், மறுமுறை அதைத் திறக்கையில், “உலாவி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கின்றது” என்ற செய்தி வருவதுண்டு.

இதன் காரணம் யாது? உலாவி நம் குறிப்புகளையெல்லாம் ‘புரொபைல்’ என்னும் ஒரு கோப்புறையில் வைத்திருக்கின்றது. ஒரே வேளையில் இருவர் அதிலே எழுதிக் குழப்பிவிடாதவாறு, திறக்கும்போது ‘லொக்’ என்னும் பூட்டுக்கோப்பு ஒன்றை இடுகின்றது. மூடும்போது அதனை அகற்றுகின்றது. திடீரென மின்சாரம் நின்றால் அகற்ற நேரம் கிட்டாது போகலாம். வீட்டிலே ஆளில்லை, கதவில் பூட்டு மட்டும் தொங்குகின்றது. உண்மையிலேயே உலாவி இயங்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அப்பூட்டுக்கோப்பை மட்டும் நீக்கிவிட்டால் கதவு திறக்கும். ஆத்திரத்தில் கோப்புறை முழுவதையும் அழித்துவிட்டால், பூட்டைத் திறக்க வீட்டைக் கொளுத்திய கதையாகும்.

மின்தடையால் புத்தகக்குறிகள் மறைந்துவிட்டனவா? அஞ்ச வேண்டாம். பயர்பொக்ஸ் உலாவி, புத்தகக்குறிகளின் பிரதிகளை அவ்வப்போது தானே எடுத்து, பதினைந்து வரை சேமித்து வைக்கின்றது. புத்தகக்குறி மேலாளரைத் திறந்து, ‘மீட்டெடு’ என்னும் பகுதியில் முன்னைய திகதி ஒன்றைத் தெரிந்தெடுத்தால் அவை திரும்பி வரும்.

நான்காவது, இரட்டை நிறுவல். உபுண்டு என்னும் லினக்ஸ் வகையிலே, 2022 ஏப்ரலில் வெளிவந்த பதிப்பு முதலாக, பயர்பொக்ஸ் ‘ஸ்னாப்’ என்னும் தனிப் பொதியாக வருகின்றது. அப்பொதி தன் கோப்புறையை வேறோர் இடத்திலே வைத்துக்கொள்கின்றது. ஒருவர் ஸ்னாப் வழியாக ஒன்றும், பழைய முறையிலே மற்றொன்றுமாக இரண்டையும் நிறுவியிருந்தால், இரண்டின் உருவமும் ஒன்றே. உள்ளிருக்கும் சரக்கோ வேறு. நேற்றுச் சேமித்த கடவுச்சொல்லை இன்று காணோமே என்று கலங்குவோர், தாம் திறந்தது எந்த உலாவி என்று முதலில் பார்த்தல் நன்று.

நிற்க. இனி, ஒத்திசைவு என்பதைப் பார்ப்போம்.

ஒத்திசைவு என்பது கைப்பேசியிலுள்ள குறிப்புகளும் கணினியிலுள்ள குறிப்புகளும் ஒன்றுபோல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. தோட்டத்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. மலையிலே கொழுந்தை நிறுத்து ஒரு கணக்கு எழுதுகின்றனர். தொழிற்சாலையிலே நிறுத்து மற்றொரு கணக்கு எழுதுகின்றனர். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். அதுபோலவே கைப்பேசி ஒரு கணக்கு, கணினி ஒரு கணக்கு. இடையே இருந்து ஒப்பிட்டு இரண்டையும் ஒன்றாக்குவது இணையத்திலுள்ள ஒரு வழங்கி.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. ஒத்திசைவு இருந்தால் எதுவும் தொலையாது என்று பலரும் நம்புகின்றனர். அஃது உண்மையன்று. ஒரு புத்தகத்தில் எழுதியதைப் படியெடுப்பது போலவே, அடித்ததையும் அது படியெடுக்கும். கைப்பேசியில் தவறுதலாக அழித்த புத்தகக்குறி, சிறிது நேரத்தில் கணினியிலும் அழிந்துவிடும். ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. முக்கியமானவற்றை மாதம் ஒருமுறையேனும் கோப்பாக ஏற்றுமதி செய்து, ஒரு நினைவுக் குச்சியிலே வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. கடவுச்சொற்களை அவ்வாறு ஏற்றுமதி செய்தால் எவரும் படிக்கக்கூடிய வடிவில் இருக்குமாதலால், அக்குச்சியைப் பூட்டிக் காத்தல் வேண்டும்.

பயர்பொக்ஸில் மற்றொரு நுட்பமும் உண்டு. நம் குறிப்புகள் நமது கணினியை விட்டு நீங்குமுன்பே மறைகுறியாக்கப்படுகின்றன. அதற்குரிய திறவுகோல் நாம் இடும் கடவுச்சொல்லைச் சார்ந்தது. மொசில்லா நிறுவனத்தாராலும் அவற்றைப் படிக்க இயலாது. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் கடவுச்சொல்லை மறந்து, புதியதொன்றை அமைத்துக்கொண்டால், வழங்கியில் இருந்த பழைய குறிப்புகளை எவராலும் திறக்க இயலாது போய்விடும். இரண்டு வழிகள் நம்மைக் காக்கும். ஒன்று, கணக்கு மீட்புத் திறவுகோலை முன்னதாகவே பெற்றுத் தாளிலே எழுதி வைத்தல். மற்றொன்று, குறிப்புகள் முழுமையாக உள்ள கருவி ஒன்றேனும் கையில் இருத்தல். புதிய கடவுச்சொல்லைக் கொண்டு அக்கருவியில் நுழைந்தால், அதிலுள்ளவை மீண்டும் வழங்கிக்குச் செல்லும்.

குரோமியம் உலாவியின் கதை வேறு. இது கூகுளின் குரோம் உலாவிக்கு அடிப்படையான, திறந்த மூல உலாவி. லினக்ஸ் வகைகள் பலவற்றில் கிடைக்கும். 2021 மார்ச் 15ஆம் திகதி முதல், கூகுளின் ஒத்திசைவு வசதி இத்தகைய உலாவிகளுக்கு மறுக்கப்பட்டது. கணினியிலே இருந்த குறிப்புகள் அங்கேயே இருந்தன. பிற கருவிகளுடன் ஒத்துப்போவது மட்டும் நின்றது. அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்து இரவு முழுதும் விழித்திருந்தாலும் இது திருந்தாது. ஏனெனில் பழுது நம் பக்கத்தில் இல்லை. கூகுள் ஒத்திசைவு வேண்டுவோர் குரோம் உலாவியையும், திறந்த மூலமே வேண்டுவோர் பயர்பொக்ஸையும் நாடலாம்.

இறுதியாக, யாவற்றினும் முக்கியமானது. தோட்டத்திலே ஒரு கணினியைப் பலர் பகிர்ந்து கொள்வது வழக்கம். ஒருவர் தம் கணக்கில் நுழைந்து ஒத்திசைவைத் தொடக்கினால், அவருடைய கடவுச்சொற்களும், அவர் பார்த்த தளங்களின் பட்டியலும் அப்பொதுக் கணினியில் வந்து இறங்குகின்றன. அவர் எழுந்து போன பின்பு அமர்பவர் எவரும் அவற்றைக் காணலாம். கணக்கிலிருந்து வெளியேறினாலும், இறங்கியவை அக்கணினியிலேயே தங்கிவிடக்கூடும். வங்கிக் கணக்கும், சேமலாப நிதிச் செய்தியும், ஒரு பெண்ணின் அந்தரங்கக் கடிதமும் இவ்வாறு பிறர் கண்ணிற் படலாமா? லினக்ஸிலே ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு ஏற்படுத்துவது சில நிமிட வேலை. கணினியைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியரோ நூலகரோ அதனைச் செய்து கொடுத்தல் கடமையாகும். அது இயலாதவிடத்து அந்தரங்கச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். பொதுக் கணினியில் ஒத்திசைவைத் தொடக்கவே வேண்டாம்.

நேயர்களே, தேயிலைத் தொழிற்சாலையிலே தூளின் தரம் குன்றினால், தேயிலை தயாரிப்பவர் என்ன செய்கின்றார்? வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல் என்று படிப்படியாக நோக்கி, குறை எந்தப் படியில் புகுந்தது என்று தேடுகின்றார். எல்லா இயந்திரங்களையும் ஒருங்கே முடுக்குவதில்லை. நாமும் அவ்வாறே செய்வோம். முதலில் நாளும் மணியும். அடுத்து இணையத் தொடர்பு. அதன்பின், பழுது ஒரு தளத்திலா, எல்லாத் தளங்களிலுமா என்ற கேள்வி. பிறகு, நீட்சிகளையெல்லாம் நிறுத்திவைத்து உலாவியைத் திறந்து பார்த்தல். அதிலும் தீரவில்லையெனில், பழையதை அழிக்காமல் புதிய புரொபைல் ஒன்றை உண்டாக்கிச் சோதித்தல். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல். மாற்றியதைக் குறித்து வைத்தல். இம்முறையைக் கைக்கொண்டால், பெரும்பாலான பழுதுகளை நாமே நீக்கிவிடலாம். நகரத்துக் கடைக்குக் கணினியைச் சுமந்து செல்லும் பேருந்துச் செலவும், அதனினும் அரிய ஒரு நாட் கூலியும் மிச்சமாகும்.