ஊர்ப்பெயர் என்னும் பொதுச் சொத்து

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் தள்ளுவண்டிகளில் கருநீலக் குலைகளாகக் குவிந்திருக்கும் பன்னீர்த் திராட்சையை விலை கேட்டிராதவர் நம் அங்கத்தினருள் மிகச் சிலரே இருப்பர். மகாராஷ்டிரத்திலிருந்து வரும் விதையில்லாப் பச்சைத் திராட்சை கோடையோடு மறைந்துவிடும், பன்னீர் மறைவதில்லை. அது விளையும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்கு உறங்கும் பருவம் என்று ஒன்று இல்லை என்பதே காரணம். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் அப்பள்ளத்தாக்கில், கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை முற்றுகிறது. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கையில் அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும். இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை என்பது அங்குள்ள கணக்கு.

இந்தத் திராட்சை 2023ஆம் ஆண்டில் ‘கம்பம் பன்னீர்த் திராட்சை’ என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. பூசைக்குத் திராட்சை ரசம் இன்றியமையாதது ஆகையால், பாதிரிமார் சென்ற தேசமெல்லாம் கொடியையும் கொண்டு சென்றதில் வியப்பில்லை. ஆனால் நூலோர் ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்றழைக்கும் இவ்வகை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கண்ணாடிக் கொட்டகையொன்றில் உண்டாக்கப்பட்டதென்பது தாவர நூலார் முடிவு. ஆகவே, பாதிரியார் கொணர்ந்தது இதன் உறவுக் கொடியாக இருந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். பெற்றோரைப் பற்றி ஐயமில்லை. ஒன்று, பன்னீர் மணத்தைத் தந்த அலெக்ஸாந்திரிய மஸ்கட். மற்றொன்று, வட இத்தாலியின் மலையடிவாரத்துப் பழங்கொடியான ஸ்கியாவா.

ஆக, நம் வண்டித் திராட்சைக்குத் தாய்வழியோ தந்தைவழியோ இத்தாலிய உறவு உண்டு. அந்த உறவினர் நாட்டில் திராட்சைக் குடியானவர்கள் தம் ஊர்ப்பெயரை எவ்வாறு காத்தார்கள், எவ்வாறு ஏறத்தாழ இழந்தும் போனார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். மது அருந்துவதைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. நமக்கு வேண்டியது அவர்களுடைய கூட்டுறவுக் கதை.

வெரோனா நகருக்குக் கிழக்கே, பழைய கோட்டையொன்றின் நிழலில் சோவாவே என்ற சிற்றூர் இருக்கிறது. சுற்றியுள்ள குன்றுகள் பலவும் எரிமலைக் கற்கள் நிறைந்த கருமண் பூமி. அங்கு விளையும் ‘கர்கானேகா’ என்னும் வெளிர்நிறத் திராட்சையிலிருந்து வடிக்கும் வெள்ளை மதுவுக்கும் ஊரின் பெயரே பெயர். கொடிகளை அவர்கள் மரச்சட்டப் பந்தலில் படர விடுகிறார்கள். கம்பத்தில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் போடும் பந்தலைப் பார்த்தவருக்கு அது புதுமையாகத் தோன்றாது. அறுவடையோ ஆண்டுக்கு ஒன்றுதான். நல்ல குலைகளில் ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து, நாணல் தட்டிகளில் பரப்பிப் பல மாதம் உலர்த்தி, ‘ரெச்சோத்தோ’ என்னும் இனிய மதுவைச் செய்வது அவர்களுடைய பழைய வித்தை. வெரோனா வட்டாரத்தில் அந்தத் தட்டிகள் முன்னாளில் பட்டுப்புழு வளர்க்கவும் பயன்பட்டவை. ஒரே தட்டியில் ஒரு பருவம் பட்டும் ஒரு பருவம் திராட்சையும்! நெசவாளரும் குடியானவரும் ஒரே சங்கத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது.

திராட்சை காத்திருக்காது. முற்றிய குலையைப் பறித்தாக வேண்டும். பறித்ததைப் பிழிந்தாக வேண்டும். பிழியும் யந்திரமும், சாற்றைப் புளிக்க வைக்கும் பெருந்தொட்டிகளும், குளிர்ந்த நிலவறையும் ஓர் ஏழைக் குடியானவனால் தனியே வாங்கிக் கட்டக் கூடியவை அல்ல. இல்லாதவன் வியாபாரி சொன்ன விலைக்கு விற்க வேண்டியதுதான். இந்த நெருக்கடியிலேதான் 1898இல் சோவாவே கூட்டுறவு நிலவறை பிறந்தது. இன்று சுமார் 2,000 குடும்பங்கள் அதில் திராட்சையை ஒப்படைக்கின்றன. இத்தகைய சங்கங்களுக்கு எடை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகாது. பழத்தின் சர்க்கரையையும் அளந்தாக வேண்டும். இல்லாவிடில் தண்ணீர் ஏற்றிய பழமும் தவம் கிடந்து விளைத்த பழமும் ஒரே விலை பெறும்.

அடுத்து அவர்கள் பெயருக்கு எல்லை வகுத்தார்கள். 1931இல் இத்தாலிய அரசாங்கம் எந்தெந்தக் குன்றில் விளைந்தது சோவாவே என்று வரையறுத்தது. 1968இல் இக்காலச் சட்டப்படியான ஊர்ப்பெயர் அங்கீகாரம் கிடைத்தது. இங்கேதான் கதை திரும்புகிறது. அமெரிக்காவில் அந்த மதுவுக்குக் கிராக்கி பெருகவே, எல்லையைக் குன்றிலிருந்து சமவெளிக்கும் இறக்கினார்கள். வளமான சமவெளியில் கொடி மிகுதியாகக் காய்த்தது; சாறு நீர்த்தது. பெயர் அதேதான், பொருள் அதுவன்று. சில பத்தாண்டுகளில் சோவாவே என்றால் மலிவுச் சரக்கு என்று உலகம் பேசலாயிற்று. வெளியார் எவரும் அந்தப் பெயரைத் திருடவில்லை. உரியவர்களே அதை நீர்க்கச் செய்துவிட்டார்கள். குன்றுக் குடியானவர் சிலர் விளைச்சலைக் குறைத்துத் தரத்தை உயர்த்தி, நெடுநாள் பாடுபட்டு அதை மீட்டனர். 1998இல் ரெச்சோத்தோவுக்கும் 2001இல் சோவாவே சுப்பீரியோரேவுக்கும் மிக உயர்ந்த சட்டத் தகுதி கிடைத்தது. 2018இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் அக்குன்றுத் தோட்டங்களை உலக வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

பெயர் இருந்தும் காவல் இல்லாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இத்தாலி வரை போக வேண்டியதில்லை. 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய அனகாபுத்தூரே போதும். அடையாற்றங்கரையிலுள்ள அவ்வூர்த் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணி, ‘ரியல் மதராஸ் ஹாண்ட்கர்ச்சீஃப்’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. கைக்குட்டை என்பது பெயரளவில்தான். நைஜீரியாவில் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போனார்கள். கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்று போற்றினர். ‘அசல்’ என்று பொருள்படும் சொல்லைப் பெயரிலேயே சேர்க்க நேர்ந்ததென்றால் போலிகள் எவ்வளவு உலவியிருக்கும்! 1970களில் நைஜீரியா இறக்குமதியைத் தடுத்தது. தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. சந்தை மூடியதற்குச் சட்டம் மருந்தாகியிராது என்பது மெய்தான். ஆயினும் அத்துணி ‘மதராஸ்’ என்ற பெயரோடு உலகைச் சுற்றியதேயன்றி, அனகாபுத்தூரின் பெயரை அறிந்தவர் அங்கே யார்? இன்று வாழைநாரில் சேலை நெய்து அவ்வூர் மீண்டும் பெயரெடுத்து வருகிறது.

நம் நாட்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பெற்று 2003இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிப் பட்டு அதில் முந்திக்கொண்டது. கம்பம் பன்னீர் இருபது ஆண்டு கழித்து வந்தது. பெயர் பதிவாகிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர்; அப்படியன்று. பதிவு செய்த சங்கம் வேறு, பெயரைப் பயன்படுத்தும் உற்பத்தியாளர் வேறு. ஒவ்வொரு குடியானவரும் ஒவ்வொரு நெசவாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனித்தனியே பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான கட்டணம் 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மூலப்பதிவும் பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும்.

இந்தியா முழுமைக்குமான அப்பதிவகம் டில்லியில் இல்லை. நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே, கிண்டியில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எட்டாவது நிலையம். காஞ்சிப் பட்டு நெய்யும் அங்கத்தினர்கள் தறிச் சான்றையும் சங்க உறுப்பினர் சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டால், பயனாளர் விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கச் சங்க அலுவலகமே உதவலாம்.