கொடைரோட்டிலிருந்து மலையேற யூரஸுக்கு எத்தனை லிட்டர்?

கொடைரோடு டோல்கேட்டில் ஒரு விசித்திரமான சமத்துவம் உண்டு. ஆல்ட்டோவுக்கும் லம்போர்கினி யூரஸுக்கும் ஒரே கட்டணம். கார், ஜீப், வேன் எல்லாம் ஒரே வகை, விலையைக் கேட்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1500 சிசி-க்கு மேல் என்றால் 2022-ல் நிர்ணயித்த 7,897 ரூபாய், இன்னோவாவானாலும் சரி, யூரஸானாலும் சரி.

டோலைத் தாண்டி நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏற ஆரம்பித்தால் சமத்துவம் முடிந்துவிடும். அங்கே இயற்பியல் வசூல் பண்ணும், அதுவும் எடைக்கு ஏற்றமாதிரி. எவ்வளவு வசூல் பண்ணும் என்று ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதலில் சமவெளி. யூரஸ் 2018 ஜனவரியில் 3 கோடி ரூபாய் ஷோரூம் விலையில் இந்தியாவுக்கு வந்தது. 4 லிட்டர் வி8 எஞ்சின், இரண்டு டர்போ, 650 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 2,200 கிலோ. ஆட்களையும் பெட்டிகளையும் சேர்த்து 2,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக இதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்? காற்று தடுப்பது சுமார் 460 நியூட்டன், டயர் உருள்வதில் போவது சுமார் 280 நியூட்டன் (காற்றுக் கெழுவும் டயர்க் கெழுவும் என் அனுமானம், பெரிதாகத் தப்பாது). வேகத்தால் பெருக்கினால் சுமார் 20 கிலோவாட் வரும். அதாவது 28 குதிரை.

650 குதிரையில் 28! மீதி 622 குதிரையும் லாயத்தில் நின்று தீவனம் தின்கின்றன. பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குணம்: நல்ல சுமை கொடுத்தால்தான் சிக்கனமாக ஓடும். லேசான சுமையில் த்ராட்டில் பாதி மூடியபடி இருக்கும். அந்தச் சின்ன இடைவெளி வழியாகக் காற்றை உறிஞ்சி இழுக்கவே எஞ்சின் தன் சக்தியைச் செலவழிக்கும். கல்யாண அண்டாவில் ஒரு ஆழாக்கு அரிசி வேகவைக்கிற மாதிரி. அண்டா சூடாவதற்கே பாதி விறகு காலி. இதைக் குறைக்கத்தான் யூரஸில் லேசான சுமையின்போது எட்டு சிலிண்டரில் நான்கை அணைத்துவிடும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அப்படியும் அமெரிக்க அரசின் ஈபிஏ 2019 மாடலுக்குக் கொடுத்த அளவு கேலனுக்கு 14 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர். ஊருக்குள் 5, நெடுஞ்சாலையில் 7.

இனி மலை. கொடைரோட்டுக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,800 மீட்டர், தூரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 2,400 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 42 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் சக்கரத்துக்கு வந்து சேர்வது கால்பங்கு, அதாவது 8. ஆக, தூக்குவதற்கு மட்டும் 5.3 லிட்டர். டயர் உருள்வதற்கு 2.8 லிட்டர். மலையில் வேகம் குறைவு என்பதால் காற்றுக்கு ஒரு லிட்டர் போதும். மொத்தம் 9 லிட்டர். நிதானமாக ஏறினால் லிட்டருக்கு 9 கிலோமீட்டர்கூட எட்டலாம், ஈபிஏ அளவைவிட நல்லாவே இருக்கும். ஏறும்போது எஞ்சினுக்கு ஒழுங்கான வேலை கிடைக்கிறதல்லவா.

ஆனால் 650 குதிரை வாங்கியவர் டம்டம் பாறை வளைவுகளில் நிதானமாகவா போவார்? ஒவ்வொரு வளைவுக்கும் 60-லிருந்து 30-க்கு பிரேக் போட்டு, மறுபடி 60-க்கு மிதித்தால், ஒரு தடவைக்கு கால் மெகாஜூல் பிரேக் தட்டில் சூடாகப் போகிறது. இருநூறு தடவை செய்தால் 50 மெகாஜூல், அதாவது இன்னும் 6 லிட்டர். மலையைத் தூக்கியதைவிட வலது காலுக்குக் கொடுத்த கூலி அதிகம்! 9 லிட்டர் 15 ஆகிவிட்டது. அதே மலையில் 1,000 கிலோ சின்னக் காரைத் தூக்க 2.2 லிட்டர் போதும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல்தான், அதனால் கலவையின் சக்தி சுமார் 7 சதவீதம் குறைகிறது. மேலே சொன்ன கணக்குகளில் அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள். 100 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்றுவேன் என்பவர்களுக்கு எக்ஸ்பி100 இருக்கிறது. 2020 டிசம்பரில் லிட்டர் 160 ரூபாய் என்று அறிமுகமானது.

சரி, பணத்துக்கு வருவோம். வருஷம் 10,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 6, பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 1.7 லட்சம், கிலோமீட்டருக்கு 17 ரூபாய். இது பெரிய தொகை என்று தோன்றும். பக்கத்தில் தேய்மானத்தை வைத்துப் பாருங்கள். காப்பீட்டுக்காரர்கள் மதிப்புப் போடும் அட்டவணைப்படி, நான்கு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்கு 50 சதவீதம் கழிவு. 3 கோடியில் பாதி 1.5 கோடி. 50,000 கிலோமீட்டருக்குப் பங்கு போட்டால் கிலோமீட்டருக்கு 300 ரூபாய். இதில் தமிழ்நாட்டுச் சாலை வரி சேரவில்லை. 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம், ஆக 3 கோடிக்கு 60 லட்சம்.

5 லட்ச ரூபாய்க் காருக்கு இதே கணக்கில் தேய்மானம் கிலோமீட்டருக்கு 5 ரூபாய், பெட்ரோல் ஆறு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. நம்ம ஊரில் கார் வாங்கினால் முதல் கேள்வி "எவ்வளவு கொடுக்குது?" என்று வருவதில் அர்த்தம் இருக்கிறது. அந்த வண்டியில் செலவில் பாதிக்கு மேல் பெட்ரோல்தான். யூரஸில் அது பதினெட்டில் ஒரு பங்குகூட இல்லை. யூரஸ்காரரிடம் மைலேஜ் கேட்பது தவறான கேள்வி.

அப்போது இதெல்லாம் நமக்கு எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நிலக்கோட்டைப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் உறவுக்காரத் தம்பி ஒருவன், 12 வருஷம் ஓடிய இறக்குமதி வி8 எஸ்யூவி ஒன்று 14 லட்சத்துக்கு வருகிறது என்று போன் செய்தான். புதிதாக 1.2 கோடி விற்ற வண்டி. "அண்ணே, அஞ்சுதான் கொடுக்கும்னு தெரியும். மாசம் ஆயிரம் கிலோமீட்டர்தானே ஓட்டப்போறேன்" என்றான். அவன் கணக்கு அதுவரை சரி. டீசல் இன்னோவாவோடு ஒப்பிட்டால் எரிபொருளில் வருஷம் ஒன்றரை லட்சம் கூடுதல். வாங்கும் விலையில் மிச்சமாகும் பத்து லட்சத்தில் ஆறு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிடலாம்.

நான் அவனிடம் சொன்னது இதுதான்: தேய்மானம் வண்டியின் விலையைத்தான் குறைத்தது, உதிரிபாகத்தின் விலையைக் குறைக்கவில்லை. ஏர் சஸ்பென்ஷனுக்கு நீ வாங்கிய விலை தெரியாது. அது 1.2 கோடி வண்டியின் பாகம், அந்த விலைக்குத்தான் வரும். என் கைக்கணக்கு, புதிய விலையில் ஒன்றரை சதவீதமாவது வருஷாவருஷம் பராமரிப்புக்கு எடுத்து வைக்கணும். 1.8 லட்சம். அது சாதாரண வருஷத்துக்கு. டயர் மாற்றும் வருஷம் தனி. 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனால், உள்நாட்டுக் காருக்கு 5,000 ரூபாய் கட்டணம், இறக்குமதிக் காருக்கு 40,000.

வயசும் சும்மா இருக்காது. முதல் தலைமுறை போர்ஷே கயென் வி8-இல் கூலன்ட் போகும் குழாய்களை எஞ்சினின் நடுப்பள்ளத்தில் பிளாஸ்டிக்கில் போட்டிருந்தார்கள். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து விரிசல் விட்டன. பிறகு அலுமினியக் குழாய் வந்தது. இந்த மாதிரி பாகம் வீட்டுக்கும் கடைக்கும் போகும்போது உடையாது, சித்திரை வெயிலில் வத்தலக்குண்டிலிருந்து முழுச் சுமையோடு ஏறும்போதுதான் உடையும். பெருமாள்மலையில் நின்றுபோனால், மதுரைக்கோ கோவைக்கோ ஏற்றிப்போகும் லாரி வாடகையே தனிக் கணக்கு.

தம்பி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். எனக்கென்னவோ அவன் வாங்கிவிடுவான் என்றுதான் தோன்றுகிறது. ஆசை எக்ஸெல்லில் அடங்குமா?

இறக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே தூக்கிய 42 மெகாஜூலில் டயருக்கும் காற்றுக்கும் போக இறங்கும்போது சுமார் 23 மிச்சம். சாதாரண வண்டியில் அது பிரேக்கிலும் எஞ்சின் இழுவையிலும் சூடாகிப் போகும். 2024-ல் வந்த யூரஸ் எஸ்இ 25.9 கிலோவாட்-மணி பேட்டரி வைத்த ஹைப்ரிட். அது 70 சதவீதத்தைத் திரும்பப் பிடித்தால் நாலரை யூனிட், பெட்ரோல் கணக்கில் இரண்டு லிட்டர். ஒரு நிபந்தனை: மேலே தங்கிய இடத்தில் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கக்கூடாது. நிரம்பிய பேட்டரியில் பிடித்ததைப் போட இடமிருக்காது, பழையபடி பிரேக் தட்டுதான் சூடாகும்.