காப்பிக் கொட்டைக் கணக்கு

தங்கத்தை நிறுக்கும்போது குன்றிமணி எடைக்கும் சண்டை போடுகிற நமது குடும்பங்களில், காப்பிக்கு மட்டும் தராசு வந்ததேயில்லை. ஆளுக்கு இரண்டு கரண்டி. யாராவது வந்தாலும் வரலாம் என்பதை உத்தேசித்து இன்னும் அரைக் கரண்டி. இதுதான் நமது பரம்பரைக் கணக்கு. எதிர்பாராமல் நாலு பேர் வந்துவிட்டால் பில்டரில் இன்னொரு முறை வெந்நீரை விட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பித்தளை பில்டர் மிகவும் சாதுவான பாத்திரம். பொடி கூடினாலும் குறைந்தாலும் அது கோபித்துக்கொள்வதில்லை. மிச்சமிருக்கும் குற்றங்களைப் பாலும் சர்க்கரையும் மறைத்துவிடுகின்றன.

இந்தச் சாதுவுக்குப் பக்கத்தில் இப்போது சில வீடுகளில் எஸ்பிரஸோ இயந்திரம் என்ற முன்கோபி வந்து உட்கார்ந்திருக்கிறது. கடையில் இருப்பதைவிடச் சிறியது; ஆனால் குணம் ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டி இயந்திரத்தை வாங்கியவர்கள், முதல் வாரம் அமிர்தமாக இருந்த காப்பி மூன்றாம் வாரம் ஏன் கஷாயமாகிவிட்டது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். பழி இயந்திரத்தின் மேல் விழுகிறது. வாஸ்தவத்தில் குற்றவாளி பெரும்பாலும் அலமாரியில் இருக்கும் கொட்டை டப்பாதான்.

இயந்திரத்தின் பூர்வோத்தரத்தைச் சற்றுத் தெரிந்துகொண்டால் அதன் கோபத்தின் காரணம் விளங்கும். இத்தாலியில் டூரின் நகரத்து ஆஞ்ஜெலோ மொரியோண்டோ 1884-ல் நீராவியைக் கொண்டு காப்பி இறக்கும் இயந்திரத்திற்கு உரிமை பதிந்தார். மிலான் நகரத்து லூயிஜி பெஸேரா 1901-ல் அதைக் கோப்பை கோப்பையாகத் தயாரிக்கும்படி மாற்றினார். ஆனால் நீராவியின் பலம் போதவில்லை, காப்பியும் கருகியது. அதே மிலானைச் சேர்ந்த அகீலே காஜியா, 1938-ல் தொடங்கிய முயற்சியை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு நிறைவேற்றினார். நெம்புகோலும் வில்லும் சேர்ந்து, நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் ஒன்பது மடங்கு அழுத்தத்துடன் வெந்நீரைப் பொடிக்குள் தள்ளின. அப்போதுதான் கோப்பையின் மேல் அந்தப் பொன்னிற நுரை முதன் முதலாகப் படர்ந்தது. அதற்கு 'க்ரேமா' என்று பெயர்.

இத்தாலிய எஸ்பிரஸோவின் இலக்கணம் இது: ஒரு கோப்பைக்கு 7 கிராம் பொடி, 25 விநாடி, 25 மில்லி லிட்டர் காப்பி. பில்டரில் டிகாக்ஷன் இறங்கப் பத்து நிமிஷம் ஆனால் என்ன, பதினைந்து ஆனால் என்ன? இங்கே 25 விநாடிக்குள் சகல காரியமும் முடிந்துவிட வேண்டும். அவ்வளவு வேகமாக நீர் பாயும்போது பொடியின் நயத்தில் ஒரு துளி மாறினாலும், எடையில் அரைக் கிராம் மாறினாலும், பாய்ச்சல் மாறிவிடுகிறது. வேகமாக ஓடினால் புளிக்கிறது, தேங்கினால் கசக்கிறது. கடையில் அரைத்த பொடியை வாங்கி இதற்குள் போட்டுவிட்டு நல்ல காப்பியை எதிர்பார்ப்பது வீண். கொட்டையை வாங்கி வீட்டிலேயே அரைத்தாக வேண்டும். (கிரைண்டர் என்ற உடனே நம் தாய்மார்களுக்கு இட்லி மாவுதான் ஞாபகம் வரும், நான் சொல்வது காப்பிக் கொட்டை அரைக்கும் சிறு இயந்திரத்தை.)

வறுத்த கொட்டைக்குள் ஏராளமான கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. க்ரேமாவுக்கு மூலதனம் அந்த வாயுவும் கொட்டையிலுள்ள எண்ணெயுந்தான். முழுக் கொட்டையிலிருந்து வாயு நாள் கணக்கில் மெள்ள மெள்ளக் கசிகிறது. அரைத்துவிட்டாலோ, சில நிமிஷங்களுக்குள்ளேயே பெரும் பங்கு ஓடிப்போகிறது. வாயு வெளியேறிய இடத்தில் காற்றிலுள்ள பிராணவாயு புகுந்து, வாசனைப் பொருள்களையும் எண்ணெயையும் கெடுக்கத் தொடங்குகிறது. சூடும் ஈரமும் வெளிச்சமும் அதற்குத் துணை செய்கின்றன. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் குடியிருப்பவர்களுக்கு இந்த மூன்றுக்கும் என்றைக்குமே பஞ்சமில்லை.

நமது பாட்டிமார்கள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் பச்சைக் கொட்டை மாதக் கணக்கில் கெடாது என்பதும், வறுத்தது சில நாளே நிற்கும் என்பதும், அரைத்தது அன்றைக்கே தீர வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பச்சைக் கொட்டையை மூட்டையாக வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் வறுத்தார்கள். பெஞ்சியிலோ சுவரிலோ திருகி வைத்த கையியந்திரத்தில், வீட்டுப் பையன்களின் கை வலிக்க வலிக்க, அந்த வேளைக்கு வேண்டியதை அரைத்தார்கள். பிற்பாடு, கண் முன்னாலேயே வறுத்து அரைத்துத் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு வந்தன. சௌகரியம் வந்தது, கையியந்திரம் பரண் ஏறியது. இன்று மேல்நாட்டு எஸ்பிரஸோ பிரியர்கள் ஒவ்வொரு கோப்பைக்கும் வேண்டிய கொட்டையைத் தனியாக நிறுத்து அப்போதே அரைப்பதைப் பெரிய நவீனமாகக் கொண்டாடுகிறார்கள். பரண் மேல் இருக்கும் இயந்திரம் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஒரு விஷயத்தில் மாத்திரம் பாட்டியின் வழக்கத்திலிருந்து விலக வேண்டியிருக்கிறது. நேற்று வறுத்த கொட்டை எஸ்பிரஸோவுக்கு உதவாது. வாயு மிதமிஞ்சி இருப்பதால் நீர் சீராகப் பாயாமல் சீறுகிறது. கோப்பை முழுதும் நுரையாகி, ருசி காரமாக நிற்கிறது. வறுத்து ஒரு வாரம், கொஞ்சமாக வறுபட்ட இனமானால் இரண்டு வாரம், பையைத் திறக்காமலே வைத்திருப்பது நல்லது. ஆகையால் வாங்கும்போது பையின் மேல் பார்க்க வேண்டியது, எந்த மாதம் வரையில் உபயோகிக்கலாம் என்பதையல்ல. எந்தத் தேதியில் வறுத்தார்கள் என்பதையே. தேதி போடாத பையை நான் வாங்குவதில்லை.

அப்படித் தேதி போட்ட கொட்டை நமக்குக் கிடைப்பதும் ஒரு பாக்கியந்தான். இந்தியத் தோட்டக்காரர்கள் நெடுங்காலம் தங்கள் விளைச்சலைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பிலேயே சேர்க்க வேண்டியிருந்தது. யாருடைய தோட்டத்துக் கொட்டை யாருடைய கோப்பைக்குப் போயிற்று என்பது கடவுளுக்கே வெளிச்சம். 1990-களில் அந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்து 1996-ல் முற்றும் அவிழ்ந்தது. இப்போது சிக்மகளூரிலோ ஏற்காட்டிலோ உள்ள தோட்டத்தின் பெயரைச் சொல்லியே கொட்டை வாங்கலாம். இத்தாலியர்கள் நமது காப்பியை வெகு காலமாக வாங்கி, முக்கியமாக ரோபஸ்டாவைத் தங்கள் கலவையில் சேர்த்துவருகிறார்கள். தடித்த க்ரேமாவுக்கு அது கைகண்ட சரக்கு. கடல் தாண்டிப் போய் இத்தாலியப் பெயருடன் திரும்பி வருவதை அதிக விலைக்கு வாங்குவானேன்?

வாங்கி வந்த கொட்டையை எங்கே வைப்பது? அலங்காரமாகக் கண்ணாடிச் சீசாவில் போட்டு ஜன்னலோரம் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். அடுப்புக்கு மேலுள்ள பலகை அதற்கு அடுத்தது. இயந்திரத்தின் தலையிலேயே ஒரு கூண்டு இருக்கிறதே என்று கால் கிலோவையும் அதற்குள் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கூண்டு, ஒரு நாளைக்கு நூறு கோப்பை விற்கும் கடைக்காக ஏற்பட்டது. இரண்டு கோப்பை குடிக்கும் வீட்டுக்கு அல்ல. ஒரு வழித் திறப்புள்ள பையானால் அதிலேயே இருக்கட்டும்: உள்ளே உண்டாகும் வாயு அந்தத் துளை வழியே வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. கடைகளில் பலர் அந்தப் பையை அமுக்கி அமுக்கி முகர்ந்து பார்க்கிறார்கள். மூக்கு அனுபவித்த வாசனை கோப்பைக்கு வராது என்பதை அவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை. பை இல்லையேல், மூடி இறுகிய சிறு எவர்சில்வர் டப்பாக்கள் போதும். ஒரு பெரிய டப்பாவைவிட மூன்று சிறிய டப்பாக்கள் மேல். பாதி காலியான டப்பாவில் மற்றப் பாதி காற்று அல்லவா?

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு கூடவே கூடாது. காப்பிக் கொட்டை பக்கத்து வீட்டுச் சமாசாரத்தைப்போல அயல் வாசனையை வெகு ஆவலுடன் கிரகிக்கும். நமது பெட்டிக்குள் இட்லி மாவு, நேற்றைய சாம்பார், வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பூ எல்லாம் இருக்கின்றன. அங்கே ஒரு வாரம் குடியிருந்த கொட்டையில் எந்த வாசனையும் இருக்கும். காப்பி வாசனை மாத்திரம் இராது.

ஆனால் மேலே உள்ள உறைபனி அறை, அதாவது ப்ரீஸர், வேறு சமாசாரம். கடுங்குளிரில் கெடும் வேகம் மிகவும் குறைந்துபோகிறது. வறுத்த கொட்டையில் ஈரம் சொற்பமே ஆகையால் அது பனிக்கட்டியாகி வெடிப்பதுமில்லை. ஒரே நிபந்தனை: பையோடு உள்ளே வைத்துத் தினந்தோறும் எடுத்துத் திறக்கக் கூடாது. குளிர்ந்த கொட்டையின் மேல் நமது ஊர்க் காற்று பட்டவுடன் வியர்வை மாதிரி ஈரம் படிந்துவிடும். பத்து நாள் இப்படிச் செய்தால் ப்ரீஸரில் வைத்ததற்கும் கிணற்றடியில் வைத்ததற்கும் வித்தியாசமில்லை. ஆகவே ஒவ்வொரு கோப்பைக்கும் வேண்டியதை முதலிலேயே நிறுத்து, காற்றுப் புகாத சிறு குப்பிகளில் தனித்தனியே போட்டு, தேதி எழுதி உள்ளே வைத்துவிட வேண்டும். மறுபடி ஒரு குப்பியை எடுத்தால், அதிலிருப்பது முழுதும் உடனே அரைபட்டுப் போகும். ஈரம் படிய அவகாசமேயில்லை.

குளிர்ந்தபடியே அரைக்கலாமா என்று சந்தேகப்படுவோருக்கு: 2016-ல் இரசாயன சாஸ்திரி கிறிஸ்டோபர் ஹெண்டனும், இங்கிலாந்தில் பாத் நகரத்துக் காப்பிக் கடைக்காரர் மாக்ஸ்வெல் கொலோனா-டாஷ்வுட்டும், வேறு சிலரும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். திரவ நைட்ரஜனின் கடுங்குளிர் வரையில் கொட்டையைக் குளிரவைத்து அரைத்துப் பார்த்தார்கள். குளிர் ஏற ஏறப் பொடி அதிக நயமாகவும் ஒரே சீராகவும் விழுந்தது. ஆகையால் ப்ரீஸர் கொட்டைக்கு இயந்திரத்தை ஒரு புள்ளி கொரகொரப்பாகத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

இனி அளவு. வீட்டு இயந்திரங்களில் இரட்டைக் கோப்பை வடிகிண்ணத்துக்குச் சாதாரணமாக 18 கிராம் கொள்ளும். (கிண்ணத்துக்குக் கிண்ணம் இது மாறும், அதனுடன் வந்த குறிப்பைப் பார்த்துக்கொள்ளவும்.) அதிலிருந்து 36 கிராம் அளவு காப்பி இறங்குவது இப்போதைய வழக்கம். இந்த 18 கிராமைக் கரண்டியால் அளக்க முடியாது. கரும் பழுப்பாக வறுத்தது உப்பி இலேசாகிவிடுகிறது. மங்களூர்ப் பக்கத்தில் ஈரமான பருவக் காற்றுப் படும்படி பரப்பி வைக்கும் 'மான்சூண்ட் மலபார்' இன்னும் உப்பல். உருண்டையான பீபரியோ நெருங்கி உட்காரும். கரண்டி ஒன்றுதான், எடை மூன்று விதம். பத்தில் ஒரு கிராம் காட்டும் சிறு மின்தராசு ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. இயந்திரத்துக்கு ஆயிரங்களைக் கொடுத்தவர்கள் தராசுக்குச் சில நூறுகளைக் கொடுக்க யோசிப்பது எனக்கு விளங்கவில்லை.

கொட்டையை நிறுத்தால் போதுமா, பொடியையும் நிறுக்க வேண்டுமா? ஆரம்பத்தில் இரண்டையும். சில இயந்திரங்கள் போட்டதில் ஒரு பங்கை வயிற்றில் வைத்துக்கொள்ளும். 2 கிராம் தங்குவதாக வைத்துக்கொண்டால், இன்றைய 18 கிராமில் ஒன்பதில் ஒரு பங்கு நேற்றையப் பொடி. அதைத் தினமும் தள்ளிவிட்டாலோ நாலு மாதத்தில் 240 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு பை, குப்பைக்குப் போகிறது. பொடி ஒட்டிக்கொள்வதற்கு ஒரு காரணம், அரைபடும்போது உண்டாகும் மின்னேற்றம். எரிமலைச் சாம்பலில் மின்சாரம் உண்டாவதை ஆராய்கிறவர்களும் ஹெண்டனும் சேர்ந்து 2023-ல் இதைச் சோதித்து, அரைப்பதற்கு முன் கொட்டையில் சிறிது நீர் சேர்த்தால் மின்னேற்றம் குறைகிறது என்று கண்டார்கள். கரண்டிக் காம்பை நீரில் தோய்த்துக் கொட்டையை ஒரு முறை கிளறினால் போதும். பொடி ஒட்டுவதும் கட்டி கட்டுவதும் குறையும்.

கால் கிலோப் பையைப் பதினெட்டுப் பதினெட்டாகப் பிரித்தால் 13 குப்பி போக 16 கிராம் மிஞ்சும். அதை இயந்திரத்தில் போட்டு அவஸ்தைப்பட வேண்டாம். சற்றுக் கொரகொரப்பாக அரைத்துப் பித்தளை பில்டரில் போட்டுவிடுங்கள்.