தொட்டில் பருவத்தில் தொடங்கும் போதைத் தடுப்பு: செவிலியர் இல்ல வருகைத் திட்டத்தின் சான்றுகள் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வளரிளம் பருவத்தினரின் போதைப் பழக்கத்தைத் தடுக்கும் முயற்சிகள் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் தொடங்குகின்றன. குழந்தை பிறக்கும் முன்பே தாயிடமிருந்து தொடங்கும் குடும்பம்சார் திட்டங்களும் இத்தடுப்பில் பங்காற்ற இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் என்னும் ஆய்வாளர் உருவாக்கிய செவிலியர் – குடும்பக் கூட்டுத் திட்டத்தின் நீண்டகாலச் சான்றுகள் இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. அச்சான்றுகள் எதை நிறுவுகின்றன, எதை நிறுவவில்லை என்பதை வேறுபடுத்திக் காட்டுவதே கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: போதைத் தடுப்பு, குழந்தைப் பருவம், இல்ல வருகை, செவிலியர், எல்மைரா, மெம்பிஸ்.

முன்னுரை

போதைப் பழக்கம் பதின்பருவத்தில் வெளிப்படுகிறது; அதன் வேர்கள் அப்பருவத்தில் தோன்றியவை அல்ல. கருவுற்ற காலத்தில் தாய் புகைத்தல், குழந்தை புறக்கணிப்புக்கும் வன்முறைக்கும் உள்ளாதல், சினத்தையும் தூண்டலையும் அடக்கும் திறன் போதிய அளவு வளராமை, பள்ளியில் பின்தங்குதல் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பிற்காலப் போதைப் பழக்கத்திற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. இக்காரணிகளுள் பல, குழந்தையின் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே செயற்படத் தொடங்கிவிடுகின்றன. எனவே, தடுப்பையும் அங்கிருந்தே தொடங்கலாம் என்னும் கருத்து உருவாயிற்று. இக்கருத்தைக் களத்தில் சோதித்த திட்டங்களுள் மிக நீண்டகாலம் பின்தொடரப்பட்டவற்றுள் ஒன்று செவிலியர் – குடும்பக் கூட்டுத் திட்டமாகும்.

திட்டத்தின் அமைப்பு

முதன்முறையாகக் கருவுற்ற, வறிய பெண்களே இத்திட்டத்தின் பயனாளிகள். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் கருவுற்ற காலத்திலேயே தாயின் இல்லத்திற்குச் செல்லத் தொடங்கி, குழந்தைக்கு இரண்டு வயது நிறையும்வரை தொடர்ந்து செல்கிறார். கூடியவரை ஒரே செவிலியரே தொடர்வது மரபு.

செவிலியரின் பணி மூன்று பகுதிகளைக் கொண்டது. தாய் கருவுற்ற காலத்தில் புகைத்தலைக் கைவிடவும் உணவையும் உடல்நலத்தையும் பேணவும் உதவுதல் முதலாவது. குழந்தையின் அழுகையையும் குறிப்புகளையும் உணர்ந்து பொறுமையுடன் வளர்க்கும் திறனை வளர்த்தல் இரண்டாவது. கல்வி, வேலை, அடுத்த கருத்தரிப்புக்கு இடையிலான இடைவெளி ஆகியவை குறித்துத் தாய் தானே திட்டமிடத் துணைநிற்றல் மூன்றாவது. பவுல்பியின் தாய்–சேய்ப் பிணைப்புக் கோட்பாடு, பாண்டுராவின் தன்திறன் நம்பிக்கைக் கோட்பாடு, பிரான்ஃபென்பிரென்னரின் மனித வளர்ச்சிச் சூழலியல் ஆகிய மூன்றும் இப்பணிக்கு அடிப்படையாக அமைந்தன.

போதைப்பொருளின் தீமை குறித்துக் குழந்தையிடம் ஒரு சொல்லும் இத்திட்டத்தில் பேசப்படுவதில்லை என்பது கருதத்தக்கது. குழந்தை வளரும் சூழலை மாற்றுவதன் வழியாகப் பிற்கால நடத்தையும் மாறக்கூடும் என்பதே இதன் எதிர்பார்ப்பு.

எல்மைரா ஆய்வு

முதல் ஆய்வு 1970களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா பகுதியில் தொடங்கியது. 400 பெண்கள் சமவாய்ப்பு முறையில் வெவ்வேறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டு வயதுவரை இல்ல வருகை பெற்ற குழுவில் சராசரியாகக் கருவுற்ற காலத்தில் 9 வருகைகளும் பிறப்பிற்குப் பின் 23 வருகைகளும் நிகழ்ந்தன.

குழந்தைகள் 15 வயதை எட்டியபோது நிகழ்ந்த தொடராய்வின் முடிவுகள் 1998இல் வெளியாயின. மணமாகாத, வறிய தாய்மார்களின் பிள்ளைகளிடையே வேறுபாடு புலப்பட்டது. அவர்களுள் செவிலியர் வருகை பெற்ற குடும்பத்துப் பிள்ளைகள், முந்தைய ஆறு மாதங்களில் சராசரியாக 1.09 நாள்கள் மது அருந்தியதாகக் கூறினர். ஒப்பீட்டுக் குழுவினர் 2.49 நாள்கள் என்றனர். கைது செய்யப்படுதல், வீட்டைவிட்டு ஓடுதல் ஆகியவையும் முதற்குழுவில் குறைவாகவே இருந்தன. தாய்மார்கள் குழந்தையைத் துன்புறுத்தியதாகவோ புறக்கணித்ததாகவோ உறுதிசெய்யப்பட்ட நிகழ்வுகளும் இப்பதினைந்து ஆண்டுக் காலத்தில் குறைந்திருந்தன.

எனினும், வீட்டு வன்முறை மிகுதியாக நிகழ்ந்த குடும்பங்களில் குழந்தைத் துன்புறுத்தல் குறையவில்லை என்பது பின்னர் அறியப்பட்டது. மேலும், பிள்ளைகள் 19 வயதை அடைந்தபோது பெண்களிடையே கைதுகளும் தண்டனைகளும் குறைந்திருந்தன. ஆண்களிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

மெம்பிஸ் ஆய்வு

1990இல் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் இரண்டாம் ஆய்வு தொடங்கியது. பங்கேற்றோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். குழந்தைப் பருவம்வரை பின்தொடரப்பட்ட 743 பேரில் 228 பேர் செவிலியர் வருகை பெற்றவர்கள்.

பிள்ளைகளின் 12ஆம் வயதில் எடுக்கப்பட்ட தரவுகளின் முடிவு 2010இல் வெளியாயிற்று. முந்தைய 30 நாள்களில் சிகரெட், மது, கஞ்சா ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியோர் செவிலியர் வருகைக் குழுவில் 1.7 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 5.1 விழுக்காடு. ‘மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது’ என இதனைக் கூறுவது பிழையன்று. ஆயினும் 228 பேர் கொண்ட குழுவில் 1.7 விழுக்காடு என்பது நான்கு பேருக்கும் குறைவு. இத்துணைச் சிறிய எண்ணிக்கையின்மீது பெரிய முடிவுகளை எழுப்புதல் தகாது.

18ஆம் வயதுத் தொடராய்வு இவ்வெச்சரிக்கையை வலுப்படுத்தியது. உளவளம் குன்றிய தாய்மார்களின் பிள்ளைகள் கணிதம், மொழியறிவு ஆகியவற்றில் முன்னேறியிருந்தனர். நடத்தைசார் அளவீடுகளிலோ பெரும்பாலும் தெளிவான வேறுபாடு இல்லை. 12 வயதில் கண்ட பயன், போதைப் பழக்கம் தொடங்குவதைத் தள்ளிப்போட்டதன் விளைவாக இருக்கலாம். தள்ளிப்போதலும் சிறு பயனன்று. இளவயதில் தொடங்கும் பயன்பாடு பிற்கால அடிமைநிலையோடு தொடர்புடையது என்பது பல ஆய்வுகளில் காணப்பட்ட ஒன்று. ஆயினும், தள்ளிப்போதல் வேறு, தடுத்தல் வேறு.

வருகை தருபவரும் சூழலும்

1994இல் டென்வரில் தொடங்கிய மூன்றாம் ஆய்வு, செவிலியருக்கு மாற்றாகச் செவிலியர் கல்வி பெறாத பயிற்சிப் பணியாளரை அனுப்பினால் என்னாகும் என்பதையும் சோதித்தது. 735 பெண்கள் பங்கேற்ற இவ்வாய்வில், அப்பணியாளர்களால் விளைந்த பயன்கள் பெரும்பாலும் செவிலியரால் விளைந்தவற்றில் ஏறத்தாழப் பாதியளவாகவே இருந்தன. செலவைக் குறைக்கும் பொருட்டுப் பணியாளரை மாற்றுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சூழலும் முடிவை மாற்றுகிறது. இங்கிலாந்தில் 1,645 இளம்பெண்களிடம் இதே திட்டம் ஆராயப்பட்டபோது, கருவுற்ற காலப் புகைத்தல், குழந்தையின் பிறப்பெடை, விரைவான மறுகருத்தரிப்பு ஆகிய முதன்மை அளவீடுகளில் கூடுதல் பயன் எதுவும் காணப்படவில்லை. அங்குப் பொதுநல மருத்துவ அமைப்பு கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்கெனவே இல்ல வருகை உள்ளிட்ட சேவைகளை வழங்கிவந்தது. எல்மைராவிலும் மெம்பிஸிலும் ஒப்பீட்டுக் குழுவினர்க்கு அத்தகைய தொடர்ச்சியான ஆதரவு கிட்டவில்லை. ஆக, ஒரு திட்டத்தின் பயன் என்பது அத்திட்டம் அளிப்பதற்கும் மக்கள் ஏற்கெனவே பெறுவதற்கும் இடைப்பட்ட வேறுபாடே எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, போதைப்பொருள் குறித்து நேரடியாகப் பேசாத ஒரு திட்டம், தாயின் நிலையையும் வளர்ப்பு முறையையும் மாற்றுவதன் வழியாக, பிள்ளையின் பிற்காலப் பயன்பாட்டைக் குறைத்தமைக்குச் சான்று உண்டு. இரண்டாவது, அச்சான்று மிகவும் நலிந்த குடும்பங்களிலும் பதின்பருவத்தின் முற்பகுதியிலுமே தெளிவாக உள்ளது. வயது ஏறஏற அது மங்குகிறது. மூன்றாவது, வருகை தருபவரின் தகுதி, ஏற்கெனவே நிலவும் சேவை, இல்லத்தில் நிகழும் வன்முறை ஆகியவை பயனை நிர்ணயிக்கின்றன.

எனவே, இத்தகைய திட்டங்களைப் போதைத் தடுப்புத் திட்டங்கள் என்ற பெயரில் மட்டும் முன்னிறுத்துவது அவற்றுக்கே தீங்காகும். பதினைந்து ஆண்டுகள் கழித்து வரவேண்டிய ஒரே பயனுக்காக அவை மதிப்பிடப்படின், அப்பயன் மங்கும்போது நிதியும் நின்றுவிடும். குழந்தை துன்புறுத்தப்படாமல் வளர்வது தன்னளவிலேயே ஒரு பேறு. பின்னாளில் மதுவிலிருந்தும் கஞ்சாவிலிருந்தும் அது விலகி நிற்பின், அது அப்பேற்றின் தொடர்ச்சி. இவ்வரிசையை மாற்றாமல் பேசுவது சான்றுக்கும் நேர்மையானது. அக்குடும்பங்களுக்கும் நன்மை பயப்பது.