டயர் பளபளக்க மண்ணெண்ணெய் வேண்டாம்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் நமது கடைத்தெருவில் வண்டி கழுவும் வேலை மும்முரமாகிவிடும். லோடு வேன், குட்டியானை, மூன்று சக்கர வண்டி எதுவும் பாக்கியில்லை. கழுவி முடித்ததும் டயர் மட்டும் வெளுத்துப்போய் நிற்கும். அதைக் கறுப்பாக்க டிரைவர்கள் எடுப்பது மண்ணெண்ணெய், டீசல் அல்லது கழிவு ஆயில். சிலர் நம் கடைக்கே வந்து தேங்காய் எண்ணெய் வாங்கிப் போவார்கள். பூசியவுடன் டயர் புதிதுபோல் மின்னுவது உண்மைதான். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை வணிக நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரப்பரின் இயற்கை நிறம் கறுப்பு அல்ல. வெயிலையும் தேய்மானத்தையும் தாங்குவதற்காகக் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளைச் சேர்ப்பதால்தான் டயர் கறுப்பாக இருக்கிறது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரில் வெடிப்பு உண்டாக்கும். அதைத் தடுக்க மெழுகும் சில ரசாயனங்களும் தயாரிப்பிலேயே கலக்கப்படுகின்றன. வண்டி ஓட ஓட இவை உள்ளிருந்து மேலே வந்து மெல்லிய படலமாகப் படியும். நாம் அழுக்கு என்று நினைக்கும் பழுப்பு நிறத்தில் ஒரு பங்கு இதுதான். மண்ணெண்ணெயும் டீசலும் இந்தக் காப்பைக் கரைத்துவிடுவதோடு, ரப்பருக்குள் ஊறி அதை உப்பச் செய்து வலுவையும் குறைக்கும். சந்தேகம் உள்ளவர்கள் சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி மண்ணெண்ணெயில் ஒருநாள் ஊறப்போட்டு, ஊறாத துண்டோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் அந்த அளவுக்குக் கேடு செய்யாவிட்டாலும், பிசுபிசுப்பில் தெருப்புழுதி அப்பி மறுநாளே டயர் முன்னைவிட மோசமாகிவிடும்.

இந்தப் பளபளப்பால் நாமே ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். 2017ஆம் ஆண்டு நமது மண்டிக்கு ஒரு பழைய லோடு வேன் வாங்கினோம். டயர் நான்கும் கண்ணாடிபோல் மின்னின. பட்டனும் தேயாமல் இருந்தது. வேறொன்றும் பார்க்கவில்லை. இரண்டாவது மாதம் சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டு பைபாசில் வரும்போது பின் டயர் வெடித்தது. வேகம் குறைவாக இருந்ததால் டிரைவர் தம்பி தப்பினார். மூட்டைகள் சரிந்து சர்க்கரை ரோட்டில் கொட்டியது வேறு கதை. பஞ்சர் கடைக்காரர் மற்ற டயர்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காட்டினார். பக்கவாட்டில் எங்கும் மயிரிழை வெடிப்புகள். "மினுக்கைப் பார்த்து ஏமாந்துட்டீங்களே அண்ணாச்சி" என்றார். பிறகு டயரில் அச்சாகியிருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 0809. அதாவது 2009ஆம் ஆண்டின் 8ஆவது வாரம் செய்த டயர். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் ஆண்டு. சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். உட்பக்கமாகத் திரும்பியிருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் டயரைக் கழுவச் சொல்லி இந்த எண்ணையும் படித்துவிட்டுப் பேரம் பேசுவது நல்லது.

அப்படியானால் டயரை மினுக்கவே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, டயர் சூடு ஆறியபின் சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். பாதிப் பொலிவு இதிலேயே வந்துவிடும். நன்றாக உலர்ந்தபின், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட சிலிக்கோன் பாலிஷைப் பஞ்சில் தொட்டுப் பக்கவாட்டில் மட்டும் மெல்லியதாகப் பூசி, சிறிது நேரம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் சக்கரம் சுழலும்போது பாடியெங்கும் தெறிக்கும். செலவைக் குறைக்க விரும்புவோர் மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கிச் சம அளவு தண்ணீர் கலந்து பூசலாம். ரப்பருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் மழை பெய்தால் அன்றே போய்விடும், தூசியும் சற்று ஒட்டும். பூஜை நாளுக்குப் போதும்.

எதைப் பூசினாலும் ரோட்டில் படும் பட்டன் பகுதியிலும் பிரேக் டிஸ்கிலும் படவே கூடாது. வண்டி வழுக்கும், பிரேக் பிடிக்காது. இருசக்கர வண்டி வளைவில் சாயும்போது டயரின் ஓரம் வரை ரோட்டில் படும். ஆகவே அதற்குச் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடைப் பையன்கள் மினுக்குவதில் ஆசை உள்ளவர்கள். ஒருமுறை அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

டயர் பாலிஷை விற்பனைக்கு வைக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. கேனில் லூசாக வரும் பெயரில்லாச் சரக்கில் லாபம் கூடுதல்தான். உள்ளே டீசல் கலந்திருந்தால் வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்பார். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். 'வாட்டர் பேஸ்டு' என்று இருக்கிறதா என்றும் படியுங்கள். தீச்சுடர் படம் போட்டிருந்தால் அது எளிதில் தீப்பற்றும் வகை. அதை விளக்கு, ஊதுபத்தி ஏற்றும் சாமி மாடத்துக்கு அருகிலும், வாசனையை இழுக்கும் டீத்தூள், அரிசி, மைதா அடுக்கிய பக்கத்திலும் வைக்காமல் தனி ஷெல்பில் கீழ்த்தட்டில் வையுங்கள்.