ஊரின் ஜாதகம்

நம் வீட்டுப் பெட்டியில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, குழந்தைகளின் ஜாதகம் பத்திரமாக இருக்கும். கல்யாணமானாலும் புதுமனை புகுவதானாலும் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறோம். நாம் பிறந்து வளர்ந்த ஊருக்கும் அப்படி ஒரு ஜாதகம் உண்டு. அதுதான் கிராம நிலப்படம்.

எந்த வயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஏரிக்கு எந்த வழியாகத் தண்ணீர் வருகிறது, மாடு மேய எவ்வளவு தரை விட்டிருக்கிறது, மயானத்துக்குப் பாதை எது என்பதெல்லாம் அதில் வரைந்திருக்கிறது. ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் எத்தனை பேர்? பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி நகர்த்திவிட்டார் என்று தகராறு வந்தால்தான் அதைத் தேடி ஓடுகிறோம். அதற்குள் பல சமயம் வரப்பு மட்டுமல்ல, வாய்க்காலே காணாமல் போய்விடுகிறது.

யானை நடந்த எல்லை

நிலத்தை அளந்து எல்லை குறிப்பது வெள்ளைக்காரர்கள் வந்து நமக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அல்ல. கி.பி. 1000-ஐ ஒட்டி முதலாம் ராஜராஜன் சோழ நாடு முழுவதையும் அளக்கச் செய்தான். ஒரு வேலி என்பது சுமார் ஆறே முக்கால் ஏக்கர். அந்த வேலியை ஐயாயிரம் கோடிக்கும் மேற்பட்ட பங்குகளாக்கி, அதில் ஒரு பங்கு வரையில் கணக்கெழுதியிருப்பதைத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு நெல்மணிகூட நிற்காது. இருந்தாலும் வரிக் கணக்கில் அதுவும் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

அக்காலத்தில் ஒரு ஊரைத் தானமாகக் கொடுத்தால், ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடவே சென்று எல்லையைக் காட்டுவார்கள். யானை நடந்த வழியில் கல் நடுவார்கள். கள்ளிச் செடியும் வைப்பார்கள். நாகப்பட்டினத்துப் பௌத்த விஹாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. கிழக்கே எது, தெற்கே எந்த வாய்க்கால், அங்கிருந்து எந்த ஊர் எல்லை என்று அது வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. அது வார்த்தைகளால் வரைந்த நிலப்படம் என்றே சொல்லலாம்.

பரங்கிமலையில் நீட்டிய சங்கிலி

காகிதத்தில் கோடு போட்டு, கணித சாஸ்திரத்தின் துணையோடு நாட்டை அளக்கும் பெரிய வேலை ஆரம்பமானது நம் சென்னையில்தான். 1802 ஏப்ரல் 10-ம் தேதி, வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். கையிலிருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குக் காட்டுவதற்காக ஆங்கிலத் தூதர் கொண்டுபோன சாமான்களில் ஒன்று அது. கடைசியில் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது!

அந்தச் சங்கிலியை நானூறு முறை நீட்டி, சுமார் ஏழரை மைல் தூரத்தை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அப்புறம் சங்கிலிக்கு அவ்வளவாக வேலை இல்லை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்துவிட்டால் மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். அந்தப் பக்கங்களை வைத்து அடுத்த முக்கோணம். அதை வைத்து இன்னொன்று. இப்படியே முக்கோணங்கள் தெற்கே கன்னியாகுமரிக்கும் வடக்கே இமயமலை வரைக்கும் சென்றன. உலகிலேயே உயரமான சிகரம் எவரெஸ்ட் என்று 1856-ல் வெளியான முடிவுக்கும் இந்தப் பெரிய அளவை வேலைதான் அடிப்படை.

கோணங்களை அளக்கும் தியோடலைட் யந்திரத்தின் எடை அரை டன். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். சாஸ்திர ஆராய்ச்சிக்கு உரியது என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள்.

அதற்கு வந்த பெரிய ஆபத்து தஞ்சாவூரில் நேர்ந்தது. காவிரி டெல்டாவில் ஏறி நின்று பார்க்க மலை ஏது? கோபுரங்கள்தான் மலை. 1808-ல் பெரிய கோயில் விமானத்தின் மேலே யந்திரத்தைக் கயிறு கட்டி ஏற்றும்போது ஒரு கயிறு அறுந்தது. யந்திரம் சுவரில் மோதி நசுங்கியது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். லாம்டனோ ஆறு வாரம் இருந்து, வளைந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, மறுபடியும் வேலைக்கு உதவும்படி செய்துவிட்டார்.

கல்லும் ஓலையும்

நிலத்தை அளக்கப் போனவர்கள் நிலத்தோடு திரும்பவில்லை. 1783-ல் சென்னைக்கு வந்த காலின் மெக்கன்சி இதற்கு நல்ல உதாரணம். மைசூர் ராஜ்யத்தை அளக்கப் போன அவர், ஊர் ஊராக ஓலைச் சுவடிகளையும் செப்பேடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் சேர்த்தார். அவருக்கு நம் பாஷைகள் தெரியாது. காவலி வெங்கட பொரய்யா, லட்சுமய்யா முதலிய சகோதரர்களே அவருக்குக் கண்ணும் காதுமாக இருந்தார்கள். மெக்கன்சி 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821-ல் அவர் காலமானபோது எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுப் படிகள் சேர்ந்திருந்தன. அந்தச் சேகரத்தின் ஒரு பகுதி இன்றும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

மண்ணுக்குக் கீழே உள்ளதைப் படம் வரைந்தவர்களும் உண்டு. பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பாறைகளைக் குறித்துக்கொண்டு போகும் வேளையில், 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷம் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் அகப்பட்டன. அவை சுமார் 15 லட்சம் வருஷப் பழமையானவை என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது.

படத்தைப் படிப்பது எப்படி?

கிராமப் படத்தைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பழைய படங்களில் 16 அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும். கட்டம் கட்டமாகத் தெரிபவை சர்வே எண்கள். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால் அது நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று தெரியும். ஒவ்வொரு வயலின் நீள அகலங்களையும் சர்வே கல் இருக்கும் இடங்களையும் புலப்படம் காட்டும். பழைய அளவுகள் சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி. அதில் நூறு கண்ணிகள். ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் உள்ள இடம் சரியாக ஒரு ஏக்கர்.

புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அது எல்லோருக்கும் சொந்தமான இடம். ஏரி, குளம், ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் தரை, களம், மயானம் எல்லாம் அதில்தான் வருகின்றன. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு. இவற்றில் பல ஒன்றோடொன்று சங்கிலிபோலப் பிணைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழ் ஏரிக்குப் போகும். நடுவில் பத்தடி அகல வரத்துக்காலை ஒருவர் மடக்கிப் போட்டால், கீழே இருக்கும் ஊர் காய்கிறது. மேலே இருக்கும் ஊர் மூழ்குகிறது. கோடையில் வறண்டு கிடக்கும் அந்தப் பள்ளத்தை வெறும் கண்ணால் பார்த்தால் வாய்க்கால் என்றே தோன்றாது. நிலப்படம்தான் அதற்குச் சாட்சி.

ஏரி எங்கே போயிற்று?

சென்னைவாசிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ இருக்கிறது, ‘டாங்க் பண்ட் ரோடு’ம் இருக்கிறது, ஏரியைக் காணோம். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. அங்கிருந்து பார்க்க ஏரிதான் இல்லை. பழைய படங்களில் நீளமாகக் கிடக்கும் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள்.

லாம்டன் சங்கிலி பிடித்த பெரும்பாக்கத்தின் அருகில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. மழை வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கடலுக்கு விடும் இடம் அது. ‘தரிசு’ என்று எண்ணி அதில் பெரும்பகுதியைக் குப்பை மேடாகவும் கட்டடங்களாகவும் ஆக்கிவிட்டோம். 2015 டிசம்பரில் மழை கொட்டியபோது வெள்ளம் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தது. எஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக 2022-ல் அறிவிக்கப்பட்டது. அந்த எல்லையைப் படத்தில் குறிப்பதோடு நின்றுவிடாமல் தரையிலும் காக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இன்று புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் இணையத்தின் மூலமே பார்க்க முடிகிறது. வானத்தில் சுற்றும் துணைக்கோள்கள் ஏரியில் தண்ணீர் நிற்கும் அளவைக்கூடப் படம் பிடித்துக் காட்டுகின்றன. ஆனால் அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. ஊரார் அந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயர் அதில் தெரியாது. பெயரில்தான் எவ்வளவோ சரித்திரம் அடங்கியிருக்கிறது. 2015 முதல் அகழாய்வு நடந்த கீழடியில், அந்த மேட்டை ஊரார் பள்ளிச்சந்தைத் திடல் என்று அழைத்து வந்தார்கள். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்தைப் பழைய சாசனங்கள் பள்ளிச்சந்தம் என்று சொல்லும். எழுத்தறியாதவர்கள் வாயிலும் இப்படிப் பழைய பெயர்கள் உயிரோடு இருந்து வருகின்றன.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் இளைஞர்கள் ஒரு காரியம் செய்யலாம். கிராமப் படத்தின் நகல் ஒன்றைப் பெறுங்கள். கோடையில் நீர் வற்றியிருக்கும் சமயம், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட அழைத்துக்கொண்டு ஏரிக்கரையையும் வரத்துக்காலையும் நடந்து பாருங்கள். எந்த மடைக்கு என்ன பெயர், எந்தத் திடலில் பானை ஓடு கிடைக்கும், நடுகல் எங்கே நிற்கிறது, ஐயனார் கோயில் தோப்பின் எல்லை எது என்று அவர்கள் சொல்வதை நகலில் குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் இருந்து தரையில் இல்லாதவற்றைத் தனியாக எழுதிக் கிராம சபையில் படியுங்கள். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தவும் முதலில் ஏரியின் எல்லை தெரிந்தாக வேண்டும்.

அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் மனத்தில் இருக்கும் படத்துக்கு வேறு நகல் கிடையாது. அடுத்த மழைக்கு முன்னால் அவர்களோடு ஒரு நாள் நடந்துவிடுவது நல்லது.