மலேசியாவுக்கு ஏன் தனி மரீன் படை இல்லை?

ஹாலிவுட் படங்களில் அமெரிக்க மரீன் வீரர்களைப் பார்த்துப் பழகிய நம்மில் பலர், எல்லா நாடுகளிலும் அப்படியொரு படை இருக்கும் என்றே நினைக்கிறோம். இந்தோனேசியாவில் இருக்கிறது. தாய்லாந்திலும் பிலிப்பீன்ஸிலும் இருக்கிறது. மலேசியாவில் இல்லை.

நமது கடற்கரையின் நீளம் 4,675 கிலோமீட்டர். தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் இடையில் தென்சீனக் கடல் கிடக்கிறது. ஜொகூரை எடுத்துக்கொண்டால் மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே ஜொகூர் நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல் என்று மூன்று பக்கமும் நீர்தான். இப்படிப்பட்ட நாட்டில் கடலிலிருந்து கரையேறிப் போரிடுவதற்கென்று ஒரு தனிப் படை ஏன் உருவாகவில்லை?

மரீன் என்பவர் யார்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'மரின்' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடல் போலீஸ். கள்ளக்கடத்தலையும் சட்டவிரோதக் குடியேறிகளையும் தடுக்கும் அவர்கள் சட்ட அமலாக்கப் பிரிவினர். 2005-இல் செயல்படத் தொடங்கிய மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனமும் அந்த வகையைச் சேர்ந்ததே. மரீன் படை என்பது வேறு. அது கப்பலில் வாழ்ந்து, படகிலும் ஹெலிகாப்டரிலும் கரையேறி, நிலத்தில் போரிடும் காலாட்படை.

கடல் தாண்டிப் படை அனுப்புவது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1025-ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது, அதாவது இன்றைய கெடாவின் மீது, படையெடுத்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். அவனது மெய்க்கீர்த்தி கப்பல்களை அனுப்பியதைப் பேசுகிறது. ஆனால், கரையேறுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட ஒரு தனிப் படைப்பிரிவைப் பற்றி அது பேசவில்லை. வீரர்கள் கப்பலில் போனார்கள் என்பதாலேயே அது மரீன் படை ஆகிவிடாது.

நிரந்தரப் படை என்று பார்த்தால், ஸ்பெயினின் மரீன் படை தன் தொடக்கத்தை 1537-இல் வைக்கிறது. பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் 1664-இலும் அமெரிக்க மரீன் படை 1775-இலும் பிறந்தன. இந்தோனேசியாவின் 'கோர்ப்ஸ் மரினிர்' 1945 நவம்பரில், அந்நாடு சுதந்திரத்தை அறிவித்த சில மாதங்களிலேயே தொடங்கப்பட்டது.

இவற்றின் பலம் வீரர்களின் உடல் வலிமையில் மட்டும் இல்லை. அமைப்பு முறையில் இருக்கிறது. அமெரிக்க மரீன்களின் கடற்பயணப் பிரிவு ஒன்றில் சுமார் 2,200 பேர் இருப்பார்கள். தலைமையகம், தரைப் போர்ப் பிரிவு, விமானப் பிரிவு, தளவாடப் பிரிவு ஆகிய நான்கும் ஒரே தளபதியின் கீழ் இயங்கும். இவர்களைச் சுமந்து செல்லக் கப்பல்களும் தயாராக இருக்கும். வீரர், கப்பல், ஒரே தலைமை ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் மரீன் படை என்பது வெறும் பெயர்தான்.

பொந்தியானில் கரையேறியவர்கள்

மரீன் படை நமக்கு அந்நியமான விஷயம் அல்ல. வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் 'கொன்ஃபுரோந்தாசி' காலத்தில், எதிரிப் படையாக அது நம் மண்ணிலேயே கால் வைத்தது. மலேசியா உருவானதை எதிர்த்த அதிபர் சுகர்னோவின் அரசு, கேகேஓ என்று அப்போது அழைக்கப்பட்ட தன் மரீன் படையைப் பயன்படுத்தியது.

1963 டிசம்பர் 29 அன்று, சபாவின் தாவாவ் பகுதியிலுள்ள கலபாக்கானில் அரச மலாய் ரெஜிமெண்டின் 3-ஆவது பட்டாளத்து முகாம் தாக்கப்பட்டது. தாக்கிய கூட்டத்தில் கேகேஓ வீரர்களும் இருந்தார்கள். நம் வீரர்கள் 8 பேர் உயிரிழந்தனர்.

அடுத்த ஆண்டு ஜொகூரின் முறை. 1964 ஆகஸ்ட் 17, இந்தோனேசியாவின் சுதந்திர நாள். அன்று சுமார் நூறு பேர் படகுகளில் மலாக்கா நீரிணையைக் கடந்து பொந்தியான் வட்டாரக் கரையில் இறங்கினார்கள். அவர்களிலும் கேகேஓ வீரர்கள் இருந்தார்கள். உள்ளூர் மக்கள் தங்களுக்கு ஆதரவாக எழுவார்கள் என்ற அவர்களின் எதிர்பார்ப்பு பொய்த்தது. பெரும்பாலோர் பிடிபட்டனர் அல்லது கொல்லப்பட்டனர். இன்று கடலுணவு சாப்பிட நாம் காரோட்டிப் போகும் அதே கடற்கரை அது.

நம்மிடம் இருப்பது என்ன?

தனி மரீன் படை இல்லை என்றால் அந்த வேலையைச் செய்ய ஆளே இல்லை என்று பொருளல்ல. வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கடற்படையிடம் 'பாஸ்கால்' எனும் சிறப்புப் படை உண்டு. 1982 அக்டோபர் 1-ஆம் தேதி அதிகாரப்பூர்வமாக அமைக்கப்பட்ட இப்படையின் தலைமையகம் லூமுட்டில் உள்ள கேடி பங்லீமா ஈத்தாம். 2011 ஜனவரி 20 அன்று ஏடன் வளைகுடாவுக்கு அருகே சோமாலியக் கடற்கொள்ளையர்கள் கைப்பற்றிய 'பூங்கா லாரல்' கப்பலைப் பாஸ்கால் வீரர்கள் மீட்டார்கள். 23 ஊழியர்களும் உயிரோடு காப்பாற்றப்பட்டனர்; 7 கொள்ளையர்கள் பிடிபட்டனர்.

தரைப்படையிடம் 1994-இல் அமைக்கப்பட்ட 10-ஆவது பாராசூட் பிரிகேட் இருக்கிறது. மலாக்கா தெரெண்டாக் முகாமில் உள்ள இந்தப் படையின் வேலை, நாட்டின் எந்த மூலைக்கும் விரைந்து செல்வது. நம் ஜொகூரில் மெர்சிங் இஸ்கண்டார் முகாமில் கமாண்டோக்கள் இருக்கிறார்கள். பெங்கெராங் பக்கம் தஞ்சோங் பெங்கெலேயில் உள்ள கேடி சுல்தான் இஸ்மாயில் தளத்தில் கடற்படையின் புதிய வீரர்கள் பயிற்சி பெறுகிறார்கள்.

ஆக, ஆட்கள் இருக்கிறார்கள். திறமையும் இருக்கிறது. ஆனால் பாஸ்கால் சிறு குழுவாகச் சென்று குறிப்பிட்ட இலக்கைத் தாக்கும் படை. ஒரு தீவையோ கடற்கரையையோ கைப்பற்றிப் பல நாள் காத்து நிற்பது அதன் வேலையல்ல. பாராசூட் பிரிகேட் வானத்திலிருந்து குதிக்கலாம். கனரக வாகனங்களோடு கரையேற அதற்குக் கப்பல் வேண்டும்.

எரிந்துபோன கப்பல்

அப்படி ஒரு கப்பல் நம்மிடம் இருந்தது. அமெரிக்கக் கடற்படையில் 'ஸ்பார்டன்பர்க் கவுண்டி' என்ற பெயரில் ஓடிய கப்பலை மலேசியா வாங்கி, 'கேடி ஸ்ரீ இந்திராபுரா' என்று பெயர் சூட்டி 1995-இல் சேவையில் சேர்த்தது. கவச வாகனங்களையும் சுமார் 400 வீரர்களையும் ஏற்றிச் சென்று நேராகக் கரையில் இறக்கக்கூடிய கப்பல் அது. 2008-இல் சோமாலியக் கடற்கொள்ளையர்களிடமிருந்து நம் வணிகக் கப்பல்களைப் பாதுகாக்க அனுப்பப்பட்ட அணியிலும் அது இருந்தது.

2009 அக்டோபர் 8 அன்று லூமுட் தளத்தில் நின்றிருந்தபோது அது தீப்பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டு சேவையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு ஈடான கப்பல் இன்றுவரை வரவில்லை. கடற்படையின் '15-லிருந்து 5' எனும் நீண்டகாலத் திட்டத்தில் பலநோக்கு ஆதரவுக் கப்பல்கள் இடம்பெற்றுள்ளன. ஆனால் ஒன்றுகூட இன்னும் கடலில் இறங்கவில்லை.

லஹாட் டத்துவுக்குப் பிறகு

2013 பிப்ரவரியில் தென் பிலிப்பீன்ஸிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் படகில் வந்து சபாவின் லஹாட் டத்து, கம்போங் தண்டுவோவில் இறங்கினர். சூலு சுல்தான் என்று உரிமை கோரியவரின் ஆதரவாளர்கள் அவர்கள். பல வாரங்கள் நீடித்த அந்த நெருக்கடியில் நம் பாதுகாப்புப் படையினர் 10 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் போலீஸ்காரர்கள். அதே ஆண்டு கிழக்கு சபாவைக் காக்க 'எஸ்காம்' எனும் கட்டளை மையம் அமைக்கப்பட்டது. அக்டோபரில், அப்போதைய தற்காப்பு அமைச்சர் ஹிஷாமுடின் உசேன் மரீன் படை அமைக்கும் திட்டத்தை அறிவித்தார். ஜொகூரின் செம்புரோங் தொகுதியைப் பிரதிநிதித்தவர் அவர்.

அறிவிப்பு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. படை வரவில்லை. காரணங்கள் புரியாதவை அல்ல. புதிய படை என்றால் புதிய முகாம், புதிய கப்பல், புதிய பயிற்சி. எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். எந்தப் படை தன் ஆட்களையும் ஒதுக்கீட்டையும் விட்டுக்கொடுக்கும் என்ற கேள்வியும் உண்டு. இதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. 2000 ஏப்ரலில் சிப்பாடான் தீவில் 21 பேர் கடத்தப்பட்டது போன்ற சம்பவங்களைத் தடுக்க வேண்டியவை வேகப் படகுகள், ராடார், உளவுத் தகவல். கடற்கரையைக் கைப்பற்றும் பெரும்படை அல்ல. செம்பொர்ணா கடலில் பழைய எண்ணெய் மேடை ஒன்று பாதுகாப்புத் தளமாக மாற்றப்பட்டது இந்த எண்ணத்தில்தான்.

பெயரா, திறனா?

மற்ற நாடுகளைப் பார்த்தால் வழி ஒன்றல்ல. இலங்கைக் கடற்படை 2016-இல் தன் மரீன் பிரிவை 160-க்கும் சற்று அதிகமானோருடன் தொடங்கியது. ஜப்பான் 2018-இல் தன் தரைப்படைக்குள்ளேயே ஒரு கரையேறு பிரிகேட்டை உருவாக்கியது. பக்கத்திலுள்ள சிங்கப்பூரில் தரைப்படையின் 'கார்ட்ஸ்' பிரிவு அந்தப் பணியைச் செய்கிறது. தனிப் பெயரும் தனிச் சீருடையும் இல்லாமலேயே திறனை வளர்க்க முடியும் என்பதற்கு இவை சான்று.

என் பார்வையில், மலேசியாவுக்கு முதலில் வேண்டியது கப்பல். அடுத்து, பாராசூட் பிரிகேட்டிலிருந்து ஒரு பட்டாளத்தையும் கடற்படையையும் நிரந்தரமாக இணைக்கும் ஒரே தலைமை. கப்பல் இல்லாமல் மரீன் படையை அறிவிப்பது, பேருந்து வாங்காமல் பயண அட்டவணை ஒட்டுவது போலத்தான். கப்பல் வந்தால் போர் இல்லாத நாளிலும் அது சும்மா நிற்காது. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் மருந்தையும் மக்களையும் சுமக்கும்.

தற்காப்பு என்பது தளபதிகள் மட்டும் பேச வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் செலவாவது நம் குடும்பங்களின் வரிப்பணம். காவலுக்கு நிற்பது நம் வயதுப் பிள்ளைகள். அடுத்த முறை நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் தாக்கல் செய்யப்படும்போது, தற்காப்பு அமைச்சுக்கான பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பலநோக்கு ஆதரவுக் கப்பலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். மலேசியாவின் மரீன் படை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த ஒரு வரி உங்களுக்குச் சொல்லிவிடும்.